மாமனார் கடைக்கு மட்டும் அளவில்லை

ரூத் போனில் கத்தினாள். "ஷஃபானா, பத்து மணிக்குப் போட்டி ரெஜிஸ்ட்ரேஷன் தெறக்கணும், என் சைட் செத்துக் கெடக்குது! இன்னிக்கி ஓடலன்னா நான் வேற ஆளப் பாத்துக்கறேன்."

மாமல்லபுரத்தில் அலைச்சறுக்குப் பள்ளி நடத்தும் ரூத் சும்மா மிரட்டுகிறவள் இல்லை. அவள் போனால் அவள் கூட்டிவந்த ரிசார்ட்டுக்காரர்களும் போவார்கள். அப்புறம் செங்கல்பட்டு பிரியாணிக் கடை மாடியில் ஷஃபானா நடத்தும், ஊராரின் வெப்சைட்டுகளுக்கு இடம் கொடுக்கும் ஹோஸ்டிங் தொழிலை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

தொழில் என்றால், ஒரே ஒரு லினக்ஸ் மெஷின். அதற்குள் வாடிக்கையாளருக்கு ஆளுக்கொரு விர்ச்சுவல் சர்வர். யார் எவ்வளவு டிஸ்க் இடம் எடுக்கலாம் என்று எல்லாருக்கும் கறாராக அளவு வைத்திருந்தாள். கீழே இருக்கும் மாமனார் கடைக்கு மட்டும் வைக்கவில்லை. ஒரே சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு மருமகள் அளவு வைப்பாளா? வைத்துவிட்டு அந்த வீட்டில் நிம்மதியாகச் சோறு தின்ன முடியுமா?

இப்போது அந்தக் கடை மொத்த டிஸ்க்கையும் விழுங்கி ஏப்பம் விட்டிருந்தது; ரூத்தின் சைட்டுக்கு மூச்சுவிட இடமில்லை. எல்லாம் சமையல்கட்டு கேமரா வீடியோ. ஷஃபானா கீழே ஓடினாள்.

"மாமி, பழைய வீடியோவ அழிச்சிட்டு நம்ம கடைக்கும் ஒரு அளவு வெச்சிடறேன்."

ஜெய்புன்னிசா மாமி கரண்டியை ஓங்கினார். "பிரியாணி தேக்சாலருந்து டெய்லி லெக் பீஸ் காணாப்போவுது. திருடன் மாட்டற வரைக்கும் ஒண்ணத்தியும் தொடக் கூடாது!"

கல்லாவில் ஓட்ஸ் கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்த ஜெயினுலாபுதீன் மாமாவும் சேர்ந்துகொண்டார். டாக்டர் கறியைத் தொடக் கூடாது என்றதிலிருந்து அவருக்கு எதைப் பார்த்தாலும் எரிச்சல். "ஊரானுக்கு வெய்யி அளவு. சொந்த வூட்டுக்கு இன்னாம்மா அளவு?"

சரி, திருடனைப் பிடித்தால்தான் வேலை ஆகும். ஷஃபானா மாடிக்குப் போய் வீடியோவைத் திறந்தாள். சுவர் கேமராவில் ஒன்றும் தெரியவில்லை; யாரோ அதன்மேல் துண்டைப் போட்டிருந்தார்கள். ஆனால் எக்ஸாஸ்ட் ஃபேன் பக்கத்தில் மாமி யாருக்கும் சொல்லாமல் இன்னொரு கேமராவும் மாட்டியிருந்தார். அதில் பளிச்சென்று தெரிந்தது. துண்டைப் போட்டது மாமா. தேக்சா மூடியைத் திறந்தது மாமா. பிஸ்மில்லா சொல்லி லெக் பீஸைக் கடித்துக் கண்ணை மூடியதும் மாமாதான். அடப்பாவமே, அந்த முகத்தில் என்ன ஒரு நிம்மதி!

ஷஃபானாவுக்குச் சிரிப்பும் வந்தது, அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. ஆனால் மணி பத்தை நெருங்கிவிட்டதே! கல்லாவுக்குப் போய் அந்த வீடியோ ஓடும் போனைச் சத்தமில்லாமல் நீட்டினாள்.

மாமாவுக்குக் கஞ்சி புரையேறியது.

"ஏ ஜெய்பு!" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "ஊருக்கு ஒரு ஞாயம், நமக்கு ஒரு ஞாயமா? அந்த ரூத்துப் பொண்ணு பாவம். அளவு நல்லதுதான். வெய்யிம்மா. பழசெல்லாம் மொதல்ல அழி!"

மாமி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்களே சொல்லிட்டீங்க. அப்புறம் இன்னா?"

ஷஃபானா பழையதை அழித்தாள், கடைக்கு அளவு வைத்தாள். ரூத்தின் சைட் எழுந்து உட்கார்ந்தது. பத்து மணிக்குப் பெயர்கள் மளமளவென்று பதிவாயின. "தப்பிச்சடி" என்று ரூத் செய்தி அனுப்பினாள். அப்பாடா என்றிருந்தது ஷஃபானாவுக்கு.

மத்தியானம் சஹனைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்தார்கள். மாமா முன்னால் மட்டும் மாமி ஒரு சின்னக் கிண்ணத்தை வைத்தார். அதில் ஒரு கரண்டி ஓட்ஸ் கஞ்சி. மாமாவின் கை மெல்ல சஹன் பக்கம் நீண்டது. மாமி அதைத் தட்டிவிட்டார்.

"அளவு நல்லதுன்னு நீங்கதான சொன்னீங்க? ஃபேனாண்ட கீற கேமரா என் போன்லயும் தெரியுது. ஒரு வாரமா பாத்துகினுதான் கீறேன். உங்க வாயாலயே வரட்டும்னு இருந்தேன்."

மாமா ஷஃபானாவைப் பார்த்தார். ஷஃபானா சோற்றைப் பார்த்தாள்.