ஷஹீதுக்குத் தண்ணீர்

சட்டையை வெட்ட எடுத்த கத்தரிக்கோலோடு சேர்த்து றாஹிலாவின் கையைத் தம்பி ஜவுபர் பிடித்துக்கொண்டான்.

"வெட்டாதீங்க ராத்தா. மச்சான் ஷஹீது, மார்க்கத்துக்காக உசிர் குடுத்தவர். ஷஹீதைக் குளிப்பாட்டப்படாது. ரெத்தத்தோடதான் அடக்கணும்."

பாயில் கிடந்த அவள் கணவன் அபுல் ஹஸனின் நெஞ்சில் இரண்டு சூட்டுக்காயம். வெள்ளைச் சட்டை கறுத்துத் தோலோடு ஒட்டியிருந்தது. காலையில் எல்லை வாய்க்காலடியில் அவரைச் சுட்டது யாரென்று ஒருவருக்கும் தெரியாது. அடுத்த தமிழ் ஊர்ச் செல்லத்தம்பிதான் தன் மாட்டுவண்டியில் போட்டுச் சாய்ந்தமருது எல்லை வரை கொண்டுவந்தான். இந்தப் பக்கத்தாரின் கல்லெறி பட்டு, வண்டியையும் விட்டுவிட்டு ஓடினான்.

எண்பத்தைந்து சித்திரை அது. முஸ்லிம் ஊருக்கும் தமிழ் ஊருக்கும் நடுவே கடைகள் எரிந்துகொண்டிருந்த நாட்கள். அபுல் ஹஸன் பள்ளிவாசலில் வாங்கு சொல்லித் தொழுகைக்கு அழைக்கும் மோதினார். இரண்டு ஊர்ப் பெரியவர்களையும் வாய்க்காலடியில் ஒன்றாக உட்காரவைப்பதை அல்லாஹ்வுக்குச் செய்யும் வேலையாக எடுத்துக்கொண்டு வீடு வீடாக நடந்தார். முதல் கூட்டத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து செல்லத்தம்பி ஒருவன்தான் வந்தான்; இந்தப் பக்கத்தில் இவர் ஒருவர்தான். மோதினாரும் வண்டிக்காரனும் சமாதானம் கதைச்சதாம், இனி மாடுகள் சண்டை பிடிக்காதாம் என்று கடையில் சொல்லிச் சிரிக்கவைத்தவன் இதே ஜவுபர்தான். அன்று சோற்றுக்கு உட்கார்ந்தவர் றாஹிலாவிடம், "நான் கூப்பிட்டன். வாறதும் வராததும் அல்லாஹ்ட வேல" என்று மட்டும் சொல்லிவிட்டு மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். இன்றைக்கு இரண்டாம் கூட்டம் என்று போனவர்.

முற்றத்தில் வாளும் பொல்லும் பெற்றோல் போத்தலுமாகப் பொடியன்மார் நின்றார்கள். குளிப்பாட்ட வந்த ஆண்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மையித்தான உடலை இரத்தச் சட்டையோடு சந்தூக்குப் பெட்டியில் வைத்துப் பெரிய தெருவால் எல்லைக்குக் கொண்டுபோவது அவர்கள் திட்டம். கண்டால் ஊர் முழுக்க எழும்பும். பொழுதுபடுவதற்குள் அந்தப் பக்கம் ஒரு கூரை மிஞ்சாது.

"யுத்தத்துல மௌத்தானவருக்குத்தான் அந்தச் சட்டம்," என்றாள் றாஹிலா. "இவர் சண்டைக்கா போன?"

"குளிப்பாட்ட ஆள் வராது."

"பொண்டாட்டி தண்ணி வார்க்கலாம். நான் வார்க்கிறன்."

பெண் மையித்துகளைக் குளிப்பாட்டுகிற பக்கத்து வீட்டுச் சல்மா உம்மா, ஓம் என்று தலையாட்டினார். மார்க்கத்தில் இடமிருந்தது, அந்த ஊரில் யாரும் செய்ததில்லை.

ஜவுபர் வாளியை உதைத்தான். தண்ணீர் பாயை நனைத்து, சிவந்து வாசல் வரை ஓடியது. றாஹிலா கத்தரிக்கோல் இருந்த கையாலேயே அறைந்தாள். அவன் காது மடல் கிழிந்து இரத்தம் கழுத்தில் இறங்கியது.

"உம்மா எனக்குத் தந்த ஊடு இது. வெளிய போ."

போனான். அவள் கதவுக்குத் தாழ் போட்டாள். கதவில் பொல்லுகள் விழுந்தன. யன்னலால் வந்த கல் சுவரில் பட்டு மையித்தின் காலடியில் விழுந்தது. சல்மா உம்மா பின்பக்கக் கிணற்றில் அள்ளி அள்ளித் தர, அவள் சட்டையை வெட்டி உரித்துப் பின்வாசலால் கிணற்றடியில் போட்டாள். காயத்தில் பஞ்சு வைத்தாள். ஊறியது. வேறு பஞ்சு வைத்தாள். அதுவும் ஊறியது.

அடுத்த வாளிக்குப் போன சல்மா உம்மா வெறுங்கையோடு திரும்பினார். கிணற்றடியில் கிடந்த சட்டையை ஒருவன் எடுத்துப் பொல்லில் கட்டிவிட்டான். முற்றம் ஒரே குரலில் இரைந்தது. அந்த இரைச்சல் தெருவில் இறங்கி எல்லைப் பக்கம் போனது.

"எல்லாம் வீணாப்போச்சே புள்ள."

றாஹிலா காயத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

"வார்க்கிறது நம்மட வேல மாமி. தண்ணி கொண்டுவாங்க."

கடைசித் தண்ணீருக்குக் கற்பூரம் கரைத்தார்கள். கபன் துணி சுற்றி முடிச்சுகளை அவளே போட்டாள்.

கதவைத் திறந்தபோது முற்றத்தில் மூன்று கிழவர்கள் நின்றார்கள். படியில் ஜவுபர் உட்கார்ந்திருந்தான். வாள் மண்ணில் கிடந்தது. அவளை நிமிர்ந்து பாராமல் எழுந்து வந்து, சந்தூக்கின் ஒரு காலைத் தோளில் வாங்கிக்கொண்டான். நாலு பேரோடு மையித்து அடக்கத்துக்கு மையவாடிக்குப் போனது.

கணவனை இழந்து இத்தாவில் தனித்திருக்க வேண்டிய பெண்ணுக்காகச் சல்மா உம்மா யன்னல்களைச் சாத்தினார். எல்லைப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டது. நின்றது. திரும்பவும் கேட்டது. யாருடையது என்று சல்மா உம்மா முணுமுணுத்தார்.

பின்னேர அஸர் தொழுகைக்குப் பள்ளியிலிருந்து வாங்கு வந்தது. தம்பியின் குரல். காலையெல்லாம் கத்திக் கம்மிப்போன அந்தக் குரல் இரண்டாம் வரியில் உடைந்து நின்றது. பிறகு முதலிலிருந்து தொடங்கியது.

றாஹிலா முக்காட்டை இழுத்துவிட்டு, ஈரம் காயாத இடத்துக்குக் கொஞ்சம் தள்ளித் தொழுகைப் பாயை விரித்தாள்.