பிள்ளையாரின் ரிப்போர்ட்

ஆலங்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் அந்த ரத்தப் பரிசோதனை லேபில் ஒவ்வொரு நாளும் முதல் நம்பர் பிள்ளையாருக்குத்தான். முதலாளி ஆத்மநாதன் வைத்த வழக்கம். பெயர் பிள்ளையார், பில் பூஜ்யம். வயதைப் போடாமல் கம்ப்யூட்டர் மேலே நகராது என்பதால் நூறு என்று போடுவார்கள். அவருக்கு ரத்தம் எடுக்க முடியாது என்பதை மட்டும் ஆத்மநாதன் ஒத்துக்கொண்டிருந்தார். இரண்டாம் நம்பரிலிருந்துதான் மனிதர்கள்.

இதனால் இத்தனை வருடமாக ஒரு தொந்தரவும் இல்லை. மெஷின் ரிசல்ட்டைத் துண்டுச் சீட்டில் துப்பும். டெக்னீஷியன் சிவரஞ்சனி அதைப் பார்த்து அவரவர் பெயருக்கு நேரே ஏற்றுவாள். போன செவ்வாய்க்கிழமை ஹார்மோன் பார்க்கும் மெஷினுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் கம்பெனிக்காரர்கள் ஒரு கேபிளைப் போட்டுவிட்டு, இனிமேல் ரிசல்ட் தானாக வந்து உட்காரும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வந்து உட்காரத்தான் செய்தது. ஆனால் தினமும் கடைசி ஆளுக்கு மட்டும் வரவில்லை. அந்த ஒரு டியூபை மறுபடி ஓட்டி, பழையபடி கையால் ஏற்றி இரண்டு நாள் சமாளித்தாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் அதைச் சரிசெய்யத் திருச்சியிலிருந்து வசந்தகுமார் வந்தான்.

அந்தக் கேபிள் எத்தனை படுத்தினாலும் சிவரஞ்சனிக்கு அதன்மேல் கோபமே வரவில்லை. வருமா? கல்யாணமாகி ஏழு வருடம். புருஷன் முத்துராஜ் குவைத்தில் இருக்கிறான். லீவுக்கு வருவான், போவான், ஒன்றும் தங்காது. இந்த முறை அவன் திரும்பிப் போய் மூன்று வாரம் கழித்து நாள் தள்ளிப்போனது. கடையில் விற்கும் அட்டையை வாங்கிப் பார்த்து ஏமாந்து ஏமாந்து அதன்மேல் நம்பிக்கை விட்டுப்போயிருந்தது. புதன்கிழமை காலையில், யாரும் வருவதற்கு முன்பே தன் கையில் தானே ஊசியைக் குத்தி ரத்தம் எடுத்து, முதல் டியூபாக வைத்தாள். பிறகு வந்தவர்களின் டியூபையும் வைத்து மெஷினை ஓட்டினாள். அரைமணி நேரம் கழித்து கம்ப்யூட்டரில் அவள் பெயருக்கு நேரே அறுநூற்று நாற்பது என்று வந்து உட்கார்ந்தது. ஐந்துக்கு மேல் போனாலே வயிற்றில் பிள்ளை. அவள் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

அன்று மகப்பேறு டாக்டர் ஊருக்கு வரும் நாள். வந்த டியூப் எல்லாமே அதே பரிசோதனைக்கு வந்தவைதான். அவளுக்கு அடுத்து வந்தவள் வடகாட்டுக் கார்த்திகா. ஒன்றுமில்லை என்ற ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு அந்தப் பெண் முந்தானையால் முகத்தை மறைத்தபடி படியிறங்கியபோது, சிவரஞ்சனி தன் சந்தோஷத்தை நினைத்துக் கொஞ்சம் கூசினாள். ஆனாலும் அது சந்தோஷம்தான். சாயங்காலம் போனில் சொன்னபோது முத்துராஜ் கேமராவை அணைத்துவிட்டு அழுதான். மாமியார் அழகம்மாள் அன்றிலிருந்து அவளை ஒரு குடம் தண்ணீர் தூக்க விடவில்லை.

வசந்தகுமார் கலகலப்பான பையன். கேபிளைப் பிடுங்கி ஊதினான், வேறு துளையில் சொருகினான், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அவளை மெஷின் முன்னால் உட்காரவைத்து, புதன்கிழமை ரிசல்ட்டை அதன் திரையிலிருந்து வரிசையாகப் படிக்கச் சொன்னான். கம்ப்யூட்டரில் இருப்பதோடு ஒத்துப்பார்ப்பதாகச் சொன்னான்.

முதல் டியூப், ஒன்றுக்கும் கீழே என்று படித்தாள். படித்த பிறகுதான் முதல் டியூப் யாருடையது என்று அவளுக்கு உறைத்தது.

வசந்தகுமார் விழுந்து விழுந்து சிரித்தான். அந்த ரிசல்ட் பிள்ளையார் பெயரில் போய் உட்கார்ந்திருக்கிறதாம். மெஷின் ரத்தம் இருக்கிற டியூபை மட்டும்தான் எண்ணும், கம்ப்யூட்டர் சாமியையும் சேர்த்து எண்ணுகிறது, அதனால்தான் எல்லாருடைய ரிசல்ட்டும் ஒரு ஆள் முன்னால் தள்ளிப் போய், கடைசி ஆளுக்கு ஒன்றும் இல்லாமல் போகிறது என்றான். இதைக் கண்டுபிடிக்கவா திருச்சியிலிருந்து வெயிலில் வந்தேன் என்று தலையில் அடித்துக்கொண்டான்.

இரண்டாவது டியூபைப் படிக்கச் சொன்னான். அது கார்த்திகாவின் டியூப். அறுநூற்று நாற்பது. இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அவன் சிரிப்பு நின்றுவிட்டது. அவனுக்கு அவள் மேடம்தான், பெயர் தெரியாது. திரையைப் பார்த்தபடியே சொன்னான்.

"ஐயையோ மேடம், இது வெளையாட்டு இல்ல. சிவரஞ்சனின்னு ஒரு அம்மாவுக்கு இது போயிருக்கு. வீட்ல எல்லார்ட்டயும் சொல்லியிருப்பாங்களே. கொஞ்சம் பக்குவமா எடுத்துச் சொல்லுங்க, பாவம்."

"சொல்லிர்றேன்."

எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்ற ஒரே ஒரு எண்ணை மாற்றினான். பழைய ரிசல்ட்டையும் திருத்தவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. அதற்கு லேப்காரர்களுடைய பாஸ்வேர்டு வேண்டும் என்று கீபோர்டை அவள் பக்கம் நகர்த்தினான். பாஸ்வேர்டைத் தட்டி, ஓகேயை அழுத்தினாள். பெயர்கள் எல்லாம் அப்படியே இருக்க, எண்கள் ஒரு வரி கீழே இறங்கின. ஏழு வருடம் கழித்து வந்தது, இரண்டு நாள் இருந்துவிட்டு, கண்ணெதிரே அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. இல்லாத பிள்ளைக்கு என்ன துக்கம் என்று யாராவது கேட்டால் கேட்கட்டும். அவளுக்கு இருந்தது, இப்போது இல்லை.

அவன் போனதும் முதலில் கார்த்திகாவைக் கூப்பிட்டாள். தப்பு எங்களுடையது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, சரியான ரிசல்ட்டைச் சொன்னாள். அந்தப் பக்கம் நம்பாமல் நாலு தடவை கேட்டாள் கார்த்திகா. நாலு தடவையும் நிச்சயம்தான் என்று சிவரஞ்சனி பொறுமையாகச் சொன்னாள். மற்றவர்களையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்லி முடித்தாள். மிச்சம் இருந்தது ஒரே ஒரு நம்பர்தான், வீடு.

நடந்ததை அழகம்மாளிடம் சுற்றி வளைக்காமல் சொன்னாள். அழகம்மாள் முதலில் கேட்டது கார்த்திகாவைப் பற்றித்தான்.

"அந்தப் புள்ளைட்ட சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன் அத்தே. சந்தோசத்துல அழுதுருச்சு."

"நல்லாருக்கட்டும். முத்துராஜ்ட்ட நான் சொல்லிக்கிறேன். நீ ஒண்ணும் பேச வேணாம்." அழகம்மாள் மறுபடி கேட்டாள். "நீ அழுதியா தாயி?"

இன்னும் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது.