தட்டினால் விட வேண்டும்

மார்ச் 11, செவ்வாய்

இன்று வகுப்பில் ஒரு சிறு தவறு செய்தேன். லிஃப்ட் மெக்கானிக்காக இருப்பதால் நாங்கள் லிஃப்ட் அக்கா என்று கூப்பிடும் என் பயிற்சித் துணை, 'விடு' என்று தட்டிய பிறகும் இரண்டு நொடி அவர் கழுத்தை விடாமல் பிடித்திருந்தேன். சிறு தவறு என்று எழுதிவிட்டேன். கழுத்து அவருடையது; அவரைக் கேட்டால் வேறு அளவு சொல்லக்கூடும்.

வரிசையாக எழுதுகிறேன்.

நான்கு மாதங்களாக வாரத்தில் மூன்று மாலை, முன்பு கார் ஷெட்டாக இருந்த ஒரு நீளக் கூடத்தில் கலப்புச் சண்டை கற்கிறேன். முதல் நாளே கோச் மொத்தப் பாடத்தையும் சொல்லிவிட்டார்: "நின்னு அடிக்கணும், கட்டிப் பிடிச்சுக் கவுக்கணும், தரையில மடக்கணும். அவ்வளவுதான். மத்ததெல்லாம் வேர்வை."

நின்று அடிக்கக் குத்துச்சண்டையின் கைகளும், தாய்லாந்துச் சண்டையின் முழங்கை, முழங்கால், உதைகளும். கவிழ்க்க மல்யுத்தம். மடக்க ஜியு-ஜிட்சு. முதல் இரண்டிலும் நான் சுமார்தான். ஒரு கையால் குத்தும்போது, தாடையைக் காக்க வேண்டிய மறு கை தானாக இறங்கிவிடுகிறது. காலை வாரப் போனால் நானே விழுகிறேன். தரைக்கு வந்தபின் மட்டும் கொஞ்சம் தேறுகிறேன். இதற்கு மேல் விழ இடமில்லை என்ற தைரியமாக இருக்கலாம்.

போன வாரம் தொடங்கிய பாடம், பின்னாலிருந்து போடும் கழுத்துப் பூட்டு. எதிராளியின் முதுகோடு ஒட்டி உட்கார்ந்து, கால்களால் அவர் இடுப்பை வளைக்க வேண்டும். ஒரு கை கழுத்தைச் சுற்றும். அதன் முழங்கை மோவாய்க்கு நேர் கீழே நிற்கும். அந்தக் கை மறு கையின் புஜத்தைப் பிடித்துக்கொள்ள, மறு கை பின்தலையை அழுத்தும். சரியாகப் போட்டால் மூச்சு நிற்காது; மூளைக்குப் போகும் இரத்தம் குறையும். இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் எனக்கு இதன் ஆபத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

"அஞ்சு எண்ணிக்கிட்டே மெதுவா இறுக்குங்க," என்றார் கோச். "தாங்கலைன்னா அதுக்குள்ள கையால தட்டிடுவாங்க. தட்டினதும் விட்டுடணும்."

லிஃப்ட் அக்கா மூன்றில் தட்டினார். தட்டியது தெரிந்தது. தெரிந்தும், நாலு, அஞ்சு என்று எண்ணி முடித்துவிட்டுத்தான் விட்டேன்.

அவர் இருமிவிட்டுத் திரும்பினார். "ஏம்மா ஸ்டாப்வாட்ச், உன் கையில நான் என்ன தாளமா போட்டுட்டிருந்தேன்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் அடுத்த சுற்றுக்கு என்னிடம் வராமல், எங்களோடு கற்கும் பேக்கரிக்காரரிடம் போய்விட்டார்.

கவலைக்குக் காரணம் உண்டு. அடுத்த மாதம் நிஜமாகவே மோதிப் பழகும் மோதல் வகுப்பு தொடங்குகிறது. அதில் யார் சேரலாம் என்று கோச் முடிவு செய்வதில்லை. நம்மோடு அதிகம் பயிற்சி செய்த இரண்டு பேர், வாசலில் இருக்கும் நோட்டில், 'இவரிடம் என் கழுத்தைக் கொடுப்பேன்' என்று கைப்பட எழுத வேண்டும். பேக்கரிக்காரர் போன வாரமே எழுதிவிட்டார். மற்றவர் லிஃப்ட் அக்கா. நோட்டை வியாழக்கிழமை எடுத்து வைத்துவிடுவார்கள்.

மார்ச் 12, புதன்

வகுப்பு இல்லை. வீட்டில் ஒரு வாரமாகச் செய்வதுபோல் தலையணைக்குக் கழுத்துப் பூட்டு போட்டேன்.

அப்பா செய்தித்தாளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "அது போய்ச் சேந்து நாலு நாளாச்சும்மா. விட்டுடு."

"பஞ்சு பிதுங்குது, நீயே உக்காந்து தைச்சுக் கொடு," என்றார் அம்மா.

அப்போதுதான் உறைத்தது. தலையணை தட்டாது. ஒரு வாரமாக ஒவ்வொரு முறையும் ஐந்து வரை எண்ணித்தான் விட்டிருக்கிறேன். வேலையிலும் இதே கதை: குழாய்களைச் சுழலும் இயந்திரத்தில் வைத்துவிட்டால் பத்து நிமிடம் முடியாமல் மூடியைத் தொட மாட்டேன். எண்ணிக்கை முடிவதற்குள் கையெடுக்க என் உடம்புக்குத் தெரியவில்லை. இது காரணம்தான், சாக்கு ஆகுமா என்று தெரியவில்லை.

மார்ச் 13, வியாழன்

லிஃப்ட் அக்கா பெஞ்சில் உட்கார்ந்து கையில் பட்டை சுற்றிக்கொண்டிருந்தார். நான் சட்டைப்பையிலிருந்து, எழுதி வைத்திருந்த ஒரு தாளை எடுத்தேன்.

"மன்னிப்பையும் எழுதியா கொண்டாந்திருக்க? சரி, படி."

படித்தேன். மூன்று வாக்கியம். தலையணையும் அதில் இருந்தது.

"நாள் பூரா லிஃப்ட் குழிக்குள்ள அண்ணாந்து பாத்தே வேலை பாக்குற கழுத்து இது," என்றார். "நேத்து வலது பக்கம் திரும்பவே இல்ல. யார்கிட்டப் பேசினாலும் மொத்த உடம்பையும் திருப்பித்தான் பேசினேன். முறைக்கிறேன்னு நெனச்சு ஒருத்தர் சண்டைக்கு வந்துட்டார்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"மூஞ்சிய அப்படி வெச்சுக்காத. வா, இருவது தடவை போடு. இறுக்க வேணாம், சும்மா வை. நான் எப்ப வேணும்னாலும் தட்டுவேன்."

"மறுபடியும் உங்க கழுத்திலயா அக்கா?"

"பின்ன, கோச் கழுத்திலயா?"

சொன்னபடியே எப்படியெல்லாமோ தட்டினார். கை வைக்குமுன்பே தட்டினார். காலால் தரையில் தட்டினார். ஒருமுறை "போதும்" என்று வாயால் சொன்னார். இருபதும் முடிந்ததும் கழுத்தை இரு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு நேராக நோட்டுக்குப் போனார். பேனாவைத் திறந்தார்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். நான்கு மாதம் காத்திருந்த வரி அது.

"அக்கா, மூணு தடவை லேட்டா விட்டேன். ஆறாவது, பதினொண்ணாவது, பதினாறாவது."

"எனக்குத் தெரியலையே."

"நீங்க தட்டினப்புறமும் எனக்குள்ள ஒரு எண்ணு கூடுதலா ஓடிச்சு. இறுக்காததால உங்களுக்குத் தெரியல."

அவர் பேனாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அந்த மூணும் நெஜமான பிடியா இருந்திருந்தா?"

"அதனாலதான் சொன்னேன்."

பேனாவை மூடினார். "அப்ப இந்த மாசம் எழுத மாட்டேன். கோவமா?"

"இல்ல," என்றேன். கொஞ்சம் அழுகை வந்தது. வேர்வை என்று துடைத்துக்கொண்டேன்.

"அழுதா நான் எழுதிடுவேன்னு பாக்காத. நாளைக்கு அரை மணி முன்னாடி வா. அந்த மூணையும் சரி பண்ணுவோம்."

கோச் நோட்டை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டார். என் பெயருக்கு எதிரே பேக்கரிக்காரரின் வரி மட்டும் இருக்கிறது.

நாளைய வேலை: ஐந்தரைக்குக் கூடத்தில் இருக்க வேண்டும். லிஃப்ட் அக்காவுடன் கழுத்துப் பூட்டு, முப்பது முறை. எண்ணிக்கையை அவர் வைத்துக்கொள்வார். நான் எண்ணக் கூடாது.