உள்தாழ்ப்பாள்

ஓட்டல் சலவைப் பிரிவில் வேலை பார்த்த மடிப்புக்காரி நுழைகிற எந்த அறையிலும், அந்த ஆண்டின் இரண்டாம் மாதத்துப் புதன்கிழமை ஒன்றின் பிற்பகலிலிருந்து, பூட்டு நிற்கவில்லை. தாழ்ப்பாள் தானே கழன்றது. கொக்கி வளையத்தைவிட்டு நழுவியது. சாவி போட்டுத் திருகிய அலமாரி கொட்டாவி விடுவதுபோல வாயைத் திறந்தது. அவள் வெளியே போனதும் எல்லாம் பழையபடி ஒழுங்காகப் பூட்டிக்கொண்டன. தெருமுனைப் பூட்டுக்காரர் பதினான்கு தடவை வந்து பார்த்தார். தாழ்ப்பாளைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோனால் அது ஆட்டுக்குட்டிபோலச் சொன்னபடி கேட்டது. அவள் வீட்டுக் கதவில் திரும்பப் பொருத்தினால் கேட்கவில்லை. "இரும்புல கோளாறு இல்லம்மா. அதுக்கு மனசு வரல," என்று சொல்லிவிட்டு, கூலி வாங்காமல் போனார்.

மடிப்புக்காரி என்பது சலவைப் பிரிவில் அவளுக்கு வைத்த பெயர். இரட்டைக் கட்டில் விரிப்பை இரண்டு ஆள் பிடித்துத்தான் மடிப்பார்கள். அவள் ஒருத்தியே மோவாயில் ஒரு மூலையை இடுக்கிக்கொண்டு நான்கு விளிம்பும் ஒட்ட மடித்து அடுக்குவாள். ஓட்டலின் தரைக்குக் கீழே மூன்று பெரிய சலவை இயந்திரங்கள், ஓர் இஸ்திரி உருளை, அதற்கு அடுத்து துணியறை. அந்தப் புதன்கிழமை, பத்தொன்பது வருடச் சர்வீஸ் உள்ள துணியறை மேற்பார்வையாளன் தலையணை உறைகளை எண்ணித் தரச் சொல்லி அவளை உள்ளே அழைத்தான். பின்னாலேயே வந்து உள்தாழ்ப்பாளைப் போட்டான். இயந்திரங்கள் மூன்றும் ஓடிக்கொண்டிருந்தன. நாற்பது நிமிடம் கழித்துத் தாழ்ப்பாளை நீக்கி, உறைகளின் எண்ணிக்கையைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, சாப்பிடப் போனான். அவள் எழுந்து, ஆட்கள் போகும் படிக்கட்டில் ஏறி, தரைத்தளத் தாழ்வாரம் வழியாக வாசலுக்கு நடந்தாள். அவள் கடக்கக் கடக்க இரண்டு பக்கமும் அறைக் கதவுகள் திறந்துகொண்டே வந்தன. பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ஒரு விருந்தாளி எட்டிப் பார்த்து, "என்ன, தீப்பிடிச்சிருச்சா?" என்று கேட்டார். 

அவளுக்கு ஓர் அக்கா உண்டு. டவுன் பஸ்ஸில் கண்டக்டர். கூட்டத்தைப் பிளந்து கடைசி சீட் வரை போகிற குரல். தங்கையைப் பார்த்த நிமிடமே எதுவும் கேட்காமல், டிக்கெட் பையைக்கூட டிப்போவில் ஒப்படைக்காமல், கையைப் பிடித்துப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனாள். மடிப்புக்காரி உள்ளே கால் வைத்ததும் லாக்கப் திறந்தது. உள்ளே இருந்த இரண்டு ஜேப்படிக்காரர்கள் வெளியே வந்தார்கள். ஒரு பெண்பிள்ளை அப்படி உட்கார்ந்திருக்கும்போது ஓடுவது முறையில்லை என்று நினைத்தார்களோ என்னவோ, பெஞ்சு ஓரத்தில் தலையைக் குனிந்து உட்கார்ந்துகொண்டார்கள். வாக்குமூலம் எழுத மூன்று மணி நேரம் ஆனது. முடிந்ததும் அவர்களாகவே உள்ளே போனார்கள். அன்றைக்கு அவளிடம் மரியாதையாக நடந்துகொண்ட ஆண்கள் அந்த இரண்டு பேர்தான் என்று அக்கா பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறாள்.

குற்ற வழக்கு மூன்று வருடம் நடந்தது. கோர்ட்டிலும் கதவு மூடி நிற்கவில்லை. அந்த நீதிபதி தாழ்வாரத்தையே காலி செய்யச் சொல்லி, வாசலில் போர்வையைத் தொங்கவிட்டு விசாரித்து முடித்தார். மேற்பார்வையாளனுக்குப் பத்து வருடம் கிடைத்தது. சிறை அதிகாரி, அந்த அம்மாள் தயவுசெய்து எங்கள் தெருப்பக்கம் வர வேண்டாம் என்று பணிவாக ஒரு கடிதம் எழுதினார். அவளும் போகவில்லை. தீர்ப்பின் கடைசி வரியில், பாதிக்கப்பட்டவருக்கு ஓட்டல் நிர்வாகம் இழப்பீடு தர வேண்டும், தொகையை இழப்பீட்டு அலுவலகம் முடிவு செய்யும் என்று இருந்தது. வக்கீலம்மா அந்த வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்தார். இலவச சட்ட உதவியில் கிடைத்தவர். வருடம் முழுக்க ஜலதோஷம். கைக்குட்டையும் வழக்குக் கட்டுமாக அலைகிறவர். அந்த ஒரு வரியைத் தாண்ட இன்னும் ஆறு வருடம் ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருக்கலாம். சொல்லவில்லை.

இதற்குள் அவளுக்கு வேலை போயிருந்தது. பூட்டாத அறையில் எந்த விருந்தாளி தங்குவான் என்றது ஓட்டல். மூன்று வீட்டுக்காரர்கள் காலி செய்யச் சொன்னார்கள். நான்காவது வீட்டில் அக்கா பீரோவைக் கதவுக்குக் குறுக்கே தள்ளி முட்டுக் கொடுத்தாள். தெருவில் பேசாத பேச்சில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அப்படியே இருந்தாலும் அவள் போன வீட்டில் அது மூடியிருக்காது என்று ஒரு வேலையற்றவன் சொல்ல, அக்கா அவனை அவன் ஏறிய பஸ்ஸிலிருந்தே இறக்கிவிட்டாள், சில்லறை பாக்கி தராமல்.

இழப்பீட்டு அலுவலகத்து அதிகாரியைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. நல்லவர் என்று சொல்ல அவர் யாருக்கும் இடம் கொடுத்ததில்லை. அவர் மேஜைக் கண்ணாடிக்குக் கீழே ஓர் அட்டவணை இருந்தது. விரல் போனால் இவ்வளவு, கண் போனால் இவ்வளவு, இரண்டும் போனால் சேர்த்து இவ்வளவு. டாக்டர் சான்றிதழில் காயங்கள் ஆறிவிட்டன என்று எழுதியிருந்தது. "ஆறிடுச்சுன்னா இழப்பு எங்கேம்மா இருக்கு?" என்று அவர் கேட்டார். உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆசையோடுதான் கேட்டார். வக்கீலம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு, என் கட்சிக்காரர் ஒரு கதவைச் சாத்திக்கொண்டு உட்கார முடியாதவராகிவிட்டார், அதுவே இழப்பு என்று எழுதிக் கொடுத்தார். பூட்டுக்காரர் பதினான்கு தடவை பார்த்ததற்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாளையும் இணைத்தார். அட்டவணையில் கதவுக்கு வரிசை இல்லை என்று மனு திரும்பி வந்தது. ஓட்டல் நிர்வாகமும் சும்மா இருக்கவில்லை. அவள் வேலையை விட்டுப் போகும்வரை தங்கள் பூட்டுகள் கெட்டதற்கு அவளே நஷ்ட ஈடு தர வேண்டும் என்று எதிர்மனுப் போட்டது. அந்த மனு ஒரே வாரத்தில் ஏற்கப்பட்டு எண் பெற்றது. அதற்கு அட்டவணையில் வரிசை இருந்தது.

வக்கீலம்மா மேலே போய் முட்டி மோதி, கடைசியில் அவளையும் நேரில் விசாரிக்க உத்தரவு வாங்கினார். இத்தகைய விசாரணை மூடிய அறையில்தான் நடக்க வேண்டும், அது மனுதாரரின் மானத்தைக் காப்பதற்கு என்று விதி சொன்னது. அவள் உள்ளே வந்ததும் கதவு திறந்தது. பியூன் சாத்தினார். திறந்தது. நாற்காலி வைத்தார். நாற்காலி நகர்ந்தது. தாழ்வாரத்தைக் காலி செய்யலாமே என்று வக்கீலம்மா கேட்டதற்கு, அந்த அதிகாரம் நீதிபதிக்கு உண்டு, எனக்கு இல்லை என்றார் அதிகாரி. கதவு மூடாததால் ஒத்திவைக்கப்பட்டது என்று எழுதினார். முதல் இரண்டு தடவை அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. சொல்லாமல் வீட்டுக்குப் போகலாம். நான்காவது தடவை சந்தேகம் வந்தது. ஒன்பதாவது தடவை, அதிகாரி பேனாவை எடுக்கும் முன்பே ஓட்டல் வக்கீல் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்ததைப் பார்த்தாள். கிணற்றில் போட்ட கல்லாக அந்தக் கட்டு அங்கேயே கிடக்க வேண்டும், தன் வாய் கடைசிவரை திறக்கக் கூடாது, அதற்காகத்தான் இத்தனை பேர் தன் மானத்தைக் காக்கிறார்கள் என்று அன்றைக்குப் புரிந்தது.

"சார், எழுதாதீங்க," என்றாள்.

அதிகாரி நிமிர்ந்தார். ஒன்பது தடவையில் அவள் குரலை அவர் கேட்டது அதுவே முதல் முறை.

"கதவு திறந்தே இருக்கட்டும். நீங்க கேளுங்க, நான் சொல்றேன்."

"வெளியே இருக்கறவங்க காதுல விழுமேம்மா. உங்க மானம்…"

"என் மானத்துக்கு என்ன சார் கேடு? தப்பு பண்ணது நானா? கேக்கறவங்களுக்குக் கூச்சமா இருந்தா அவங்க மெதுவா கேக்கட்டும். நான் சத்தமாத்தான் பதில் சொல்லுவேன்."

தாழ்வாரத்தில் அன்றைக்கு நாற்பது பேருக்குமேல் இருந்தார்கள். கை போனவர்கள், கால் போனவர்கள், ஆளே போனவர்களின் குடும்பங்கள்.  ஓட்டல் வக்கீல் வேறு வழியில்லாமல் உட்கார்ந்து, மூடிய அறைக்கென்று தயாரித்து வைத்திருந்த கேள்விகளைத் திறந்த அறையில் கேட்க வேண்டியதாயிற்று. முதல் இரண்டு கேள்விகளிலேயே அவர் குரல் தேய்ந்துபோனது. மூன்றாவதாக, நாற்பது நிமிடமும் நீங்கள் ஏன் கத்தவில்லை என்று கேட்டார்.

"கத்தினேன் சார். பக்கத்துல மூணு மிஷின் ஓடுது. அது ஓடற நேரமா பாத்துத்தான் கூப்பிட்டான். நீங்க என்னைக் கேட்டுட்டீங்க. இப்ப நான் ஒண்ணு கேக்கறேன். துணி வைக்கிற ரூமுக்கு உள்பக்கம் எதுக்கு சார் தாழ்ப்பாள்? துணி என்ன, கதவைத் திறந்துட்டு ஓடிடுமா? அதை யாரு வைக்கச் சொன்னது? யாரு பில்லுல கையெழுத்துப் போட்டது? ஒன்பது வருஷமா என்னைக் கேக்கறீங்களே, அந்தாளை ஒரு தடவை கூப்பிட்டுக் கேட்டீங்களா?"

வக்கீல் காகிதங்களைப் புரட்டினார்.  அப்போது தாழ்வாரத்து பெஞ்சிலிருந்து ஒரு பெண்மணி எழுந்து வாசலுக்கு வந்தார். புருஷன் கட்டட வேலைச் சாரத்திலிருந்து விழுந்து செத்ததற்கான மனுவோடு வந்தவர். இளவயதில் அதே ஓட்டலில் அறைகள் கூட்டியவர். பல வருடமாகத் தன் முறை வரும்போது மட்டும் அந்த வாசலைத் தாண்டியவர், அன்றைக்கு யாரும் கூப்பிடாமல் தாண்டினார்.

"அந்தத் தாழ்ப்பாளை எனக்கும் தெரியும் சார்," என்றார். "இவளுக்கு ஏழு வருஷம் முன்னாடியே. எழுதிக் குடுத்தேன். என்னை மூணாவது மாடிக்கு மாத்தினாங்க. அவனை மாத்தல."

எழுதிக் கொடுத்த தாள் எங்கே என்று அதிகாரி கேட்டார். பழைய தாள்கள் இரும்பு அலமாரியில் இருப்பதாகவும், அதன் சாவி தொலைந்து வெகுநாளாகிவிட்டதாகவும் ஓட்டல் வக்கீல் தெரிவித்தார். வக்கீலம்மாவுக்கு அன்றைக்கு மட்டும் ஜலதோஷம் இல்லை. மனுதாரர் முன்னிலையில் அந்த அலமாரியைப் பார்வையிட அனுமதி வேண்டும் என்று எழுந்து நின்று கேட்டார். ஒரு வரி மனு. பார்வையிடுவதற்குக் கதவு மூடியிருக்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லாததால் அதிகாரி அனுமதித்தார்.

அடுத்த திங்கள்கிழமை காலை பதினோரு மணிக்கு அவர்கள் ஐந்து பேர் ஓட்டல் நிர்வாக அறைக்குப் போனார்கள்: அதிகாரி, பியூன், வக்கீலம்மா, அக்கா, அவள். மேனேஜர் வாசலிலேயே மறித்து, அந்த அம்மாள் மட்டும் வெளியே நிற்கட்டும் என்று கேட்டுக்கொண்டார். "அவளை வெளியே நிறுத்திட்டு நாங்க உள்ள வந்து என்ன, காபி குடிக்கவா?" என்றாள் அக்கா.  அந்தக் கட்டடத்தின் சோப்பு வாடை மாறவில்லை. மடிப்புக்காரி அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு வாசற்படியைத் தாண்டினாள். மேஜை இழுப்பறைகள் நாக்கை நீட்டின. பணப்பெட்டி திறந்தது. மேனேஜரின் கைப்பெட்டியும் திறந்தது. அதில் இருந்ததை எல்லாரும் பார்க்காததுபோல் பார்த்தார்கள். கடைசியாக, சாவி தொலைந்த இரும்பு அலமாரி துருவைச் சிந்திக்கொண்டு திறந்தது. மூன்றாவது தட்டில், சிவப்பு நாடா கட்டிய ஒரு கட்டுக்குள், நான்கு பெண்கள் நான்கு வேறு வருடங்களில் எழுதிய புகார்கள் இருந்தன. எல்லாத் தாளிலும் ஒரே கையெழுத்தில் 'பார்த்தேன்' என்று எழுதி மேனேஜர் தேதி போட்டிருந்தார். உள்தாழ்ப்பாள் வாங்கிய பில்லும் அங்கேயே இருந்தது. அது இரண்டாவது புகாருக்குப் பிறகு வாங்கியது.

மடிப்புக்காரி நான்கு தாளையும் நின்றபடியே படித்தாள். இரண்டு பேரை அவளுக்குத் தெரியும். ஒருத்தி அவளுக்கு விரிப்பு மடிக்கக் கற்றுக்கொடுத்தவள். அன்றைக்குத்தான், ஒன்பது வருடத்தில் முதல்முறையாக, அவள் பிறர் முன்னால் வாய்விட்டுக் கத்தினாள். சொல் எதுவும் இல்லை. வெறும் கத்தல். சலவைப் பிரிவில் அந்நேரம் மூன்று இயந்திரங்களும் ஓடிக்கொண்டிருந்தன. இருந்தும் கீழே வேலை செய்த எல்லாருக்கும் கேட்டது. வேலையைப் போட்டுவிட்டு மேலே ஏறி வந்து வாசலில் நின்றார்கள்.

உத்தரவு நான்கு மாதத்தில் வந்தது. மேனேஜர் மீது வழக்குப் பதிவாயிற்று. ஓட்டலின் எதிர்மனு தள்ளுபடியானது. புகார் எழுதிய நான்கு பேரையும் தேடிக் கண்டுபிடித்து அவளைப்போலவே அவர்களுக்கும் இழப்பீடு தர வேண்டும் என்று இருந்தது. ஒருத்தி விஷயத்தில் அது அவள் மகளிடம் போய்ச் சேர்ந்தது. இழப்பு என்ற இடத்தில் அதிகாரி, அட்டவணையைத் தாண்டிய தன் பணிக்காலத்து ஒரே வாக்கியமாக, மனுதாரர் ஒரு கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமை என்று எழுதியிருந்தார். மடிப்புக்காரி அதை இரண்டு தடவை வாசித்தாள். "எல்லாம் இருக்கு. தப்பு பண்ணிட்டோம்னு மட்டும் எங்கயும் இல்லையேக்கா," என்றாள். அக்கா தாளை வாங்கிப் பார்த்தாள். இல்லைதான்.

பூட்டுகள் திரும்பவில்லை. இழப்பீடு வந்தால் சரியாகிவிடும் என்று தெருவில் பலர் நினைத்திருந்தார்கள், பூட்டுக்காரர் நினைக்கவில்லை. இப்போது வக்கீலம்மா மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை அவளைக் கூப்பிடுகிறார். மில், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ஒரு தடவை இழப்பீட்டு அலுவலகமே. எங்கெல்லாம் பெண்கள் எழுதிக் கொடுத்த தாள் சாவி தொலைந்த அலமாரியில் இருக்கிறதோ அங்கெல்லாம் போகிறாள். முதல் வருடம் பதினேழு அலமாரிகள் திறந்தன. இந்த வருடம் நான்குதான். அவள் வருகிறாள் என்று கடிதம் போனாலே மற்ற இடங்களில் சாவி கிடைத்துவிடுகிறது.

அவள் குளிக்கும்போது அக்கா வெளியே கதவில் முதுகைச் சாய்த்து நிற்கிறாள். டிப்போவில் அதற்காகக் காலை ஷிஃப்டை அரைமணி தள்ளிக் கொடுத்திருக்கிறார்கள். வருகைப் பதிவேட்டில் தாமதத்துக்குக் காரணம் எழுதும் கட்டத்தில் 'தங்கையின் கதவு' என்று அக்கா எழுதுகிறாள். டைம்கீப்பர் தினமும் அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்.