கடைசிக் காட்சியில் பூங்கோதை

ஒக்லாந்தின் ஏவன்டேலில் தமிழ்ச் சங்க ஆண்டு விழாவுக்காக, நானூறு வருடத்துக்கு முந்தைய இத்தாலிய இன்ப நாடகம் ஒன்றைத் தமிழாக்கியிருந்தாள் சீதா. பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்தவள். கதாநாயகி பூங்கோதை, பகலில் அதே நகரின் மவுண்ட் வெலிங்டன் பகுதியில் மருந்தாளர்.

நாடகத்தில் அவள் ஆண்வேடம் போடுவாள், தகப்பன் பார்த்த கிழட்டு மாப்பிள்ளையை ஏமாற்றுவாள், காதலனைச் சிறையிலிருந்து மீட்பாள். கடைசிக் காட்சியில் மட்டும் தகப்பன் அவள் கையைப் பிடித்துக் காதலனிடம் கொடுக்க, வாய் திறக்காமல் சிரிக்க வேண்டும். அது ஏன் என்று ஒத்திகையில் பூங்கோதை கேட்டாள். அந்தக் கால நாடகங்களில் பெண்ணுக்குப் பேச்செல்லாம் கல்யாணம் வரைக்கும்தான், அதற்குப் பிறகு தகப்பனும் புருஷனும்தான் பேசுவார்கள் என்றாள் சீதா.

அந்த வாரம்தான் பூங்கோதையின் அப்பா விநாயகமூர்த்தி, தொலைவில் வெலிங்டன் நகரிலிருக்கும் ஒரு குடும்பத்துக்குப் பெண் கொடுக்கத் தொலைபேசியிலேயே சம்மதம் சொல்லியிருந்தார். மாப்பிள்ளை நிமலன் பெற்றோருடன் விழாவுக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

கடைசிக் காட்சி வந்தது. மேடைத் தகப்பன் கையைப் பிடித்ததும் பூங்கோதை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"பொறுங்கோ. என்னை ஒருத்தரும் கேக்கேல்லையே."

 பின்வரிசைப் பெண்கள் கைதட்டினார்கள். திகைத்து நின்ற மேடைக் காதலனை, அவளிடம் சம்மதம் கேட்கச் சொல்லித் திரைக்குப் பின்னாலிருந்து சீதா தூண்டினாள். அவன் தடுமாறிக் கேட்டான். யோசித்துச் சொல்வதாகப் பூங்கோதை பதில் சொல்ல, சிரிப்பொலியோடு திரை விழுந்தது.

தேநீர் நேரத்தில் நிமலன் தானே வந்து பெயரைச் சொன்னான்.

"உங்கட அப்பாவோட எல்லாரும் கதைச்சிட்டினம். உங்களோட கதைக்கேல்லை. ஒரு கோப்பி குடிப்பமோ?"

"ஓம். கோப்பிக்கு மட்டும்தான்."

அவனுடைய அம்மாவின் முகம் சுருங்கியதை இருவருமே கவனித்தார்கள். இருவருக்கும் சிரிப்பு வந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் காரில் அப்பா தெருவைப் பார்த்தபடியே சொன்னார்:

"கேட்டிருக்க வேணும் பிள்ளை. இப்ப கேக்கிறன். உனக்கு விருப்பமோ?"

"இன்னும் தெரியாது, அப்பா."

அவர் தலையசைத்தார். குளிர்காலம் முழுக்க நிமலன் அடிக்கடி வந்து போனான். பிளாக்ஹவுஸ் பே கடற்கரையில் நடந்தபடி வேலை, சமையல், பிள்ளைகள், யார் எங்கே குடிபெயர்வது என்று அவள் எல்லாவற்றையும் கேட்டாள். சிலவற்றுக்கு அவனிடம் பதில் இல்லை, இல்லையென்றே சொன்னான். அது அவளுக்குப் பிடித்திருந்தது. வேலை மாற்றிக்கொண்டு ஒக்லாந்துக்கே வருவதாக அவன் சொன்ன அன்று, அவளே அவன் பெற்றோருக்குத் தொலைபேசி எடுத்துத் தன் சம்மதத்தைச் சொன்னாள்.