ஃபோர்க்குக்குள் மஞ்சளரிசி

முருகையாவின் சைக்கிள் மூன்று பேர் கைமாறி வந்த கிழட்டு இங்கிலீஷ் வண்டி. ஃபிரேம் மட்டும் இன்னும் கல்லுக்குண்டாக இருந்தது. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்தான் ரப்பர் பால் வாளிகளின் பாரம் பொறுக்காமல் ஒருநாள் முறிந்து, அவரைக் குப்புறத் தள்ளி மோவாயைக் கிழித்துவிட்டது.

பகாவ் டவுன் கடையொன்றில் பழைய ஃபோர்க் கிடைத்தது. மாட்டிப் பார்த்தால் அதன் தண்டு ஃபிரேமின் கழுத்தைவிட ஒரு விரற்கடை நீளம். நட்டு மரையின் கடைசிவரை இறங்கியும் கழுத்தைத் தொடவில்லை. ஹேண்டில் லொடலொடவென்று ஆடியது. நல்ல இரும்பை அறுக்க அவருக்கு மனசு வரவில்லை. உடைந்த தண்ணீர்க் குழாயில் ஒரு வளையம் அறுத்து, அரத்தால் ராவி, நட்டுக்கு அடியில் கொடுத்தார். ஆட்டம் நின்றது. துருப்பிடிக்காமலிருக்கத் தண்டுக்குள்ளும் கிரீஸ் தடவிவிட்டு, கை கழுவப் போனார்.

அந்த நேரம் பார்த்து மனைவி பஞ்சாலை வந்தாள். வீட்டுக்கு நிலை வைக்கும்போது அடியில் மஞ்சளரிசி போடுவதில்லையா? புருஷனைத் தள்ளிவிட்ட வண்டிக்கும் அதுவே காப்பு என்று, ஒரு சிட்டிகை எடுத்துத் தண்டுக்குள் போட்டாள். கை கழுவிக்கொண்டே முருகையா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். சாமி காரியம், நமக்கெதற்கு வம்பு என்று ஹேண்டிலைச் சொருகி இறுக்கிவிட்டார்.

மலாயாவில் வெள்ளைக்காரர் அறிவித்திருந்த அவசரகாலம் அது. தோட்டத்து வீடுகளைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்ட்காரர்களுக்குப் போய்விடுமென்று, ஒரு மணி அரிசிகூடக் கேட்டைத் தாண்டக் கூடாது. பிடிபட்டால் ஜெயில்தான். இது தெரியாதவர் தோட்டத்தில் இல்லை. ஆனால் மஞ்சள் தடவியபின் அதுவும் அரிசிதான் என்று அந்த இரண்டு புத்திசாலிகளுக்கும் தோன்றவேயில்லை.

மறுநாள் காலை, கேட்டில் மலாய்க் காவலாள் ஒவ்வொரு சைக்கிளாகத் தூக்கித் தரையில் குத்திப் பார்த்தான். முருகையாவின் வண்டியைக் குத்தியதும் கிரீஸில் ஒட்டியிருந்த மஞ்சள் மணிகள் ஃபோர்க்கின் அடியிலிருந்து மட்கார்டில் விழுந்து தரைக்கு உருண்டன.  தொலைந்தோம் என்று முருகையா நினைத்தார்.

காவலாள் குனிந்து ஒரு மணியை எடுத்துத் தேய்த்தான். விரலில் மஞ்சள் ஒட்டியது.

"பெராஸ் குன்யிட்?" என்று வாய்க்குள்ளேயே கேட்டான். மலாய்க்காரர் கல்யாணத்திலும் மஞ்சளரிசிதான் தூவுவார்கள்.

 முருகையா மோவாய்க் காயத்தையும் புது ஃபோர்க்கையும் மாறி மாறித் தொட்டுக் காட்டினார்.

பத்தடி தள்ளி நின்ற வெள்ளைக்கார அதிகாரி திரும்பினார். என்ன அங்கே என்று அதட்டினார்.

காவலாள் பூட்ஸ் காலைத் தூக்கி அரிசியின்மேல் வைத்தான். "தாடா அப்பா-அப்பா, துவான்" என்றான். ஒன்றுமில்லையாம். மட்கார்டைக் கையால் வழித்துவிட்டு, "ஜாலான்" என்று முருகையாவைப் போகச் சொன்னான். வரிசை முழுவதும் வெளியேறும்வரை அந்தக் கால் நகரவில்லை.

பின்னால் வந்த பஞ்சாலை எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். மரத்தடிக்கு வந்ததுமே பிடித்துக்கொண்டாள்.

"மகாலட்சுமிய பூட்ஸ் காலால மிதிச்சிட்டானே, படுபாவி!"

"அந்தக் கால எடுத்திருந்தா, இந்நேரம் நான் லோக்கப்புல இருப்பேன்லா."

பஞ்சாலை வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். கொஞ்சநேரம் அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அவன் பேரு என்னான்னு கேட்டீங்களா?"

"கேக்குற எடமா அது? எதுக்கு?"

"வெள்ளிக்கிழமை கோயில்ல அவனுக்கு அர்ச்சனை பண்ணணும். பேரு வேணுமில்ல?"