அந்த ஆள் சரியில்லை

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதை எங்கள் வீட்டுப் பின்கதவில் பிறந்தது. மரம் உப்பி நிலையில் சிக்கிக்கொண்டு, தோளால் மோதினால் மட்டுமே திறக்கிற கதவு. வெளியே மூன்று படி, கைப்பிடி கிடையாது. படிக்குக் கீழே மிதித்தால் ஆடுகிற ஒரு கல். அதைத் தாண்டினால் தோட்டம்.

இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் கிடந்த என் அக்கா கறாராகச் சொல்லிவிட்டாள்.

"தோட்டத்துக்குப் போக ஒவ்வொரு தடவையும் உன்னையோ உன் பெண்டாட்டியையோ கூப்பிடணும்னா எனக்கு உன் வீடு வேணாம்டா. முதியோர் இல்லத்துல ஒரு ரூம் பார்த்து வெச்சிருக்கேன். ஜன்னல் பெருசு. திங்கக்கிழமை என்னை விடுறாங்க. அதுக்குள்ள நானே போய்வர மாதிரி பண்ணு. இல்லன்னா நேரா அங்க போயிடுவேன்."

அக்கா எங்கள் ஜவுளிக்கடையை நடத்தியவள். சொன்ன விலையிலிருந்து அவள் இறங்கி யாரும் பார்த்ததில்லை.

(இந்த இடத்தில் 'அக்காவின் கண்கள் கலங்கின' என்று எழுதி அடித்துவிட்டேன். அவளுக்குக் கலங்கவில்லை. எனக்குத்தான் கொஞ்சம்)

2

தொடக்கத்துக்காக எழுதிப் பார்த்தவை:

'நல்ல கைவேலைக்காரர் கிடைப்பது இன்றைய வாழ்வில்' – வேண்டாம். கட்டுரைப் போட்டி வாடை.

'மழை கொட்டிய அந்த மாலையில், தோளில் ஏணியுடன் ஒரு' – பொய். வெயில் கொளுத்தியது.

நிஜமான தொடக்கத்தில் ஆளே இல்லை. ஒருவர் வந்து கதவைப் பார்த்து, "யாருங்க இதை மாட்டினது?" என்று முகம் தெரியாத யாரையோ திட்டிவிட்டு, அளவு நாடாவை மறந்து வைத்துவிட்டுப் போனார். நாடாவுக்காகக்கூடத் திரும்பி வரவில்லை. இன்னொருவர் போனில், "கிளம்பிட்டேன் சார், வழியில இருக்கேன்" என்றார். இந்த வரியை நான் எழுதும்போதும் வழியில்தான் இருக்கிறார்.

மூன்றாமவர் நிஜமாகவே வந்தார். இழைப்புளியை எடுத்துக் கதவின் ஓரத்தைச் சீவ ஆரம்பித்தார். நன்றாகவே சீவினார். நான் உதட்டைப் பிதுக்கி, "ஏதோ, சுமாரா இருக்கு" என்றேன்.* அவர் இழைப்புளியைப் பைக்குள் போட்டார். "அப்போ நல்லாச் செய்றவங்களைக் கூப்பிட்டுக்குங்க" என்று சொல்லிக் கிளம்பிவிட்டார்.

* எங்கள் குடும்பத்தில் எதையும் புகழ்ந்து வாங்கும் பழக்கம் கிடையாது. புகழ்ந்தால் விலை ஏறும். கல்யாணத்துக்குப் பெண் பார்த்துவிட்டு வந்தபோது அப்பா சொன்னதும் 'சுமார்'தான். என் மனைவி இன்னும் அதை மறக்கவில்லை.

3

எதிர்வீட்டுப் பாத்திரக்கடைக்காரரிடம் போனேன். அவர் வீட்டுச் சுவரில் ஒரு மஞ்சள் ஏணி சாய்ந்திருந்தது. உச்சியில் ஓர் ஆள் மழைநீர்க் குழாயைப் பொருத்திக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இவர் எப்படி?"

அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "இவனா? ஐயோ, ஆள் சரியில்ல தம்பி. சோம்பேறி. வாய் வேற நீளம். உனக்கு வேணாம், விட்டுடு."

பக்கத்து வீட்டம்மாவும் போன மாதம் இதே ஏணிக்காரரைப் பற்றி இதையேதான் சொன்னார். அப்போது ஏணி அந்தம்மா வீட்டு வாசலில் நின்றது. அதற்கு முன்பும் அங்கே நின்றிருக்கிறது.

எனக்கு உறைத்தது. எங்கள் கடைக்கு நல்ல சரக்கு நெய்து தருபவரைப் பற்றி யாராவது விசாரித்தால் அப்பா முகத்தைச் சுளித்து, "சாயம் போகுதுங்க" என்பார். ஊரே அவரிடம் போய் நின்றால் நமக்கு யார் நெய்வது? இந்தத் தெரு முழுக்க வியாபாரிகள். நிஜமாகவே உதவாத ஆளைத் திட்ட எங்களுக்கு நேரம் கிடையாது. திரும்பத் திரும்பக் கூப்பிடவும் மாட்டோம்.

அண்ணனுக்குப் போன் வந்தது, உள்ளே போனார். நான் ஏணியடிக்கு ஓடினேன்.

"அண்ணே, இறங்காதீங்க. எதிர்வீடு. ஒரு கதவு, ஒரு கைப்பிடி, ஒரு கல். திங்கக்கிழமைக்குள்ள."

"சனிக்கிழமை காலைல வர்றேன்" என்று குழாயைப் பார்த்தபடியே சொன்னார். "இவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவார்."

4

இந்த ஆளை எப்படி எழுதுவது? முதல் வரைவில் ஞானி ஆக்கினேன். மரத்தைத் தடவி அதன் மனதை அறிந்தார். அடித்துவிட்டேன். அவர் பேசியதெல்லாம் என்னோடுதான், அதுவும் தன் மச்சான் வாங்கி ஏமாந்த பழைய காரைப் பற்றி, மூச்சுவிடாமல். நடுவில் ஒரு திருகாணியைத் தொலைத்தார். இருவரும் புல்லில் தவழ்ந்து தேடினோம்.

ஆனால் சனிக்கிழமை காலை வருகிறேன் என்றார், சனிக்கிழமை காலை வந்தார். எழுத்தாளனாகப் பார்த்தால் இந்த வாக்கியத்தில் ஒரு விறுவிறுப்பும் இல்லை. வீட்டுக்காரனாகப் பார்த்தால், நான் எழுதியதிலேயே அழகான வாக்கியம் இதுதான்.

கதவும் கல்லும் அன்றே முடிந்தன. கைப்பிடியை மட்டும் மேலே இறுக்காமல் விட்டார். "உயரம் அக்கா கையைப் பார்த்துத்தான் வைக்கணும். திங்கக்கிழமை வர்றேன்." மறுபடியும் 'வர்றேன்'. இரண்டு நாளும் எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

5

வந்தார். அக்காவும் வந்தாள். "பை கார்லயே இருக்கட்டும்" என்றாள் காரிலிருந்து இறங்கும்போதே.

பின்கதவை ஒரு கையால் தள்ளினாள். திறந்தது. ஏணிக்காரர் அவள் மணிக்கட்டுக்கு நேராகக் கைப்பிடியை வைத்து இறுக்கினார். அக்கா துணியின் உறுதியைப் பார்ப்பதுபோல் அதைப் பிடித்து இழுத்தாள், உலுக்கினாள், உதட்டைப் பிதுக்கினாள்.

"ஏதோ, சுமாரா இருக்கு."

என் மனைவி என் கையைக் கிள்ளினாள். போச்சு என்று நினைத்தேன்.

ஏணிக்காரர் ஸ்பேனரைத் துடைத்தார். "அப்போ நல்லா இருக்குன்னு சொல்லுங்கக்கா. இந்தத் தெருவுல சுமாருக்கு மேல நான் எதையும் வாங்கினதில்ல. எதிர்வீட்டுல அதுகூடக் கிடையாது, வெறும் 'ம்'தான்."

அக்கா சிரித்துவிட்டாள். எலும்பு முறிந்ததற்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினாள். அந்தக் கல்லின்மேல் நின்று, வேண்டுமென்றே உடம்பை ஆட்டிப் பார்த்தாள். கல் அசையவில்லை.

திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "டேய், பையை இறக்கு."

6

கைப்பிடி பிடுங்கிக்கொண்டு வருகிற முடிவு ஒன்றும் கைவசம் இருந்தது. கனமான முடிவு, பாராட்டு கிடைக்கும். ஆனால் அக்கா வெளியே உட்கார்ந்து பூச்செடிகளுக்குக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவளை விழவைக்க எனக்குக் கை வரவில்லை.

இன்னொரு முடிவு நேற்று தானாகவே வந்தது. மூலைவீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண், இடுப்பில் குழந்தையோடு தோட்டத்து வேலிப்பக்கம் நின்றாள்.

"சார், குழந்தை மாடிப்படில உருண்டுடுவானோன்னு பயமா இருக்கு. ஒரு தடுப்பு போடணும். உங்க வீட்டுக்கு வந்தாரே ஏணிக்காரர், ஆள் எப்படி?"

வாயைத் திறந்தேன். எங்கள் பரம்பரைப் பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், கை கைப்பிடிமேல்.

நான் என்ன சொன்னேன் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எழுதுவதற்கு முன் உங்கள் வீட்டில் சொட்டுகிற குழாயை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு நான் தரக்கூடிய துப்பு ஒன்றுதான்: ஏணி நிஜத்தில் மஞ்சள் இல்லை. நிறத்தை மாற்றிவிட்டேன்.